கட்சிப் பாசம் உங்கள் கணக்கைக் கெடுக்கிறதா? வீட்டிலேயே செய்து பார்க்கும் சோதனை

"அந்தக் கட்சிக்காரர்களிடம் என்ன ஆதாரம் காட்டினாலும் நம்ப மாட்டார்கள்." இதைச் சொல்லாத கட்சிக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை, எதிர்ப்பக்கம் போய்க் கேட்டாலும் எழுத்துப் பிசகாமல் இதேதான் வரும். யார் சொல்வது சரி என்ற பட்டிமன்றம் ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் நம்மை நாமே சோதித்துக்கொள்வோம். தாள், பேனா, அரை மணி நேரம் போதும்.

படி 1: சரிபார்க்கக் கூடிய கேள்வியாக எடுங்கள்

"நல்ல ஆட்சியா?" என்பது கருத்து, அது வேண்டாம். "விலைவாசி உயர்வு வேகம் கூடியதா, குறைந்ததா?" மாதிரி எடுங்கள். அமெரிக்காவில் பணவீக்கம், குடியரசுக் கட்சியின் ரீகன் அதிபராவதற்கு முன் 1980-ல் சுமார் 13.5 சதவீதமாக இருந்து, அவர் ஆட்சியில் 1988-ல் 4 சதவீத அளவுக்கு இறங்கியது. ஆனாலும் 1988 தேர்தல் கருத்தாய்வில் தீவிர ஜனநாயகக் கட்சியினரில் பாதிக்கும் மேற்பட்டோர் அது மோசமாகிவிட்டது என்றார்கள். சரி, அவர்கள் மட்டுமா? ஜனநாயகக் கட்சி அதிபர் கிளின்டனின் முதல் நான்கு ஆண்டுகளில் பட்ஜெட் பற்றாக்குறை பாதிக்கும் கீழே போயிருந்தது, 1996-ல் குடியரசுக் கட்சியினரைக் கேட்டால் பெரும்பாலோர் அது கூடிவிட்டது என்றார்கள்.

படி 2: இந்தக் கணக்கைப் போடுங்கள்

கீழே போகாமல் விடையை எழுதிவிடுங்கள். ஒரு தோல் களிம்பைப் பூசியவர்களில் 223 பேருக்குத் தடிப்பு குறைந்தது, 75 பேருக்குக் கூடியது. பூசாதவர்களில் 107 பேருக்குக் குறைந்தது, 21 பேருக்குக் கூடியது. களிம்பு பலன் தருகிறதா?

223 கண்ணில் பெரிதாகப் பட்டதால் ஆமாம் என்று எழுதியிருந்தால், கவலை வேண்டாம், பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறார்கள். வகுத்துப் பாருங்கள்: பூசியவர்களில் 75 சதவீதம் பேருக்குக் குறைந்திருக்கிறது, பூசாதவர்களில் கிட்டத்தட்ட 84. அதாவது சும்மா இருந்தவர்களே தேவலை.

இதை யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹானும் குழுவினரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குக் களிம்புக் கணக்கு. மற்றவர்களுக்கு அதே எண்கள், தலைப்பு மட்டும் துப்பாக்கித் தடையும் குற்றமும் என்று மாறியது. களிம்பு என்றால் கணக்கில் கெட்டிக்காரர்கள் நன்றாகச் செய்தார்கள். துப்பாக்கி என்று வந்ததும், விடை தங்கள் கட்சிக்குச் சாதகமாக இருந்தால்தான் அந்தக் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது, பாதகமாக இருந்தால் முதலில் கண்ணில் பட்ட தப்பான விடையோடு நிறுத்திக்கொண்டார்கள், இரு பக்கமும். படித்தவர்களிடம் இந்தக் கோளாறு குறைவு என்று நாமே நமக்குச் சொல்லிக்கொள்வது இங்கேதான் அடிபடுகிறது.

படி 3: பெயரை மாற்றிப் போடுங்கள்

ஒரு செய்தியை எடுத்து, கட்சிப் பெயர்களை மட்டும் இடம் மாற்றி எழுதி உரக்கப் படியுங்கள். முதலில் தலையாட்டிய இடத்தில் இப்போது "ஆனால்..." என்று இழுத்தால் அந்த வரியை அடிக்கோடிடுங்கள். உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003-ல் வெளியிட்ட சோதனைகளில், மாணவர்கள் ஒரு நலத்திட்டத்தை ஆதரித்ததும் எதிர்த்ததும் அதில் என்ன இருந்தது என்பதைவிட எந்தக் கட்சி ஆதரித்தது என்பதைப் பொறுத்தே இருந்தது. கேட்டால், கட்சிக்கும் தங்கள் முடிவுக்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள்.

படி 4: காசு கட்டுவீர்களா?

உங்கள் விடைக்குப் பக்கத்தில், தப்பானால் எவ்வளவு இழக்கத் தயார் என்று ஒரு தொகையை எழுதுங்கள். எழுதும்போது கை தயங்கினால், உண்மையிலேயே நம்பியது பாதி, கட்சிக்காகக் கோஷம் போட்டது பாதி. சரியான விடைக்குச் சிறு தொகை தருவதாகச் சொன்ன ஆய்வுகளில் இரு கட்சியினரின் விடைகளுக்கு இடையே இருந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது, "தெரியாது" என்பதற்கும் காசு என்றதும் இன்னும் சுருங்கியது. அதனால் உங்கள் தாளில் "தெரியாது" என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்.

படி 5: முடிவைத் தலைகீழாக்குங்கள்

நடுநிலையாக யோசிப்போம் என்று உறுதி எடுப்பதில் பெரிய பலன் இல்லை, 1984-ல் உளவியலாளர் சார்லஸ் லார்டும் சகாக்களும் மரண தண்டனை பற்றிய ஆய்வுகளைக் கொடுத்துச் சோதித்தபோது அந்த அறிவுரை உதவவில்லை. உதவியது வேறொரு கேள்வி: இதே ஆய்வு, இதே முறை, முடிவு மட்டும் எதிராக வந்திருந்தால் இதே மதிப்பெண் கொடுத்திருப்பீர்களா?

இந்தக் கோளாறு இரு பக்கமும் ஒரே அளவா என்று கேட்பவர்களுக்கு: உளவியலாளர் பீட்டர் டிட்டோவும் குழுவினரும் 51 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஏறக்குறைய ஒரே அளவு என்றுதான் வந்தது, அதை ஒப்புக்கொள்ளாத ஆய்வாளர்களும் உண்டு.

நான் முதல்முறை ஐந்தாவது படியைச் செய்தபோது, எனக்குப் பிடிக்காத ஓர் ஆய்வில் ஒன்பது குறைகள் எழுதினேன். அப்புறம் எனக்குப் பிடித்த ஓர் ஆய்வை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த ஒன்பதில் ஏழு அப்படியே இதற்கும் பொருந்தின. அந்தப் பிடித்த ஆய்வை ஏற்கெனவே மூன்று பேருக்கு அனுப்பியும் இருந்தேன்.