படத்தோடு தலைப்பும் விளக்கமும் தானாக ஏற

வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒவ்வொரு படத்துக்கும் உட்கார்ந்து தலைப்பு தட்ட வேண்டியதில்லை. ஜேபெக் படக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் ஐபிடிசி என்ற விவரத் தொகுப்பில் ஹெட்லைன் (தலைப்பு), கேப்ஷன் (விளக்கம்) இரண்டையும் முன்பே நிரப்பிவிட்டால், ஏற்றும்போதே அவை உரிய இடத்தில் வந்து அமரும். நிரப்புவதற்கு எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரல் போதும். படத்துக்குப் படம் வேறு விளக்கமென்றால் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) பட்டியலாகக் கொடுங்கள்; அதன் முதல் நெடுவரிசைக்கு சோர்ஸ்ஃபைல் என்று தலைப்பிட்டு, கீழே கோப்புகளின் பெயர்களை அடுக்குங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் சறுக்குவது இனிமேல்தான். எழுத்துக் குறியீட்டு முறையைச் சொல்லும் கோடட்கேரக்டர்செட் என்ற ஐபிடிசி புலத்தில், தமிழையும் தாங்கும் யுடிஎஃப்8 முறையின் பெயரைச் சேர்க்காவிட்டால் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். ஐபிடிசியில் தலைப்புக்கென்றே இருக்கும் இன்னொரு புலமான டைட்டிலையும் நம்ப வேண்டாம். அதன் எல்லை வெறும் 64 பைட். ‘க’ 3 பைட், ‘கி’ 6 பைட் என்று போனால் பத்துப் பதினைந்து எழுத்திலேயே வெட்டுப்படும். ஹெட்லைனில் 256 பைட் வரை இடமுண்டு. இரண்டும் இருந்தால் வேர்ட்பிரஸ் முதலில் எடுப்பதும் ஹெட்லைனைத்தான்.

ஐபிடிசியில் நிரப்பும் கீவேர்டுகள் (தேடுசொற்கள்) பதிவின் குறிச்சொற்களாகத் தானாக மாறாது, அதற்குத் தனிச் செருகுநிரல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் கழன்றுவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். வீட்டில் எடுத்த படமென்றால் ஏற்றுமுன் எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் விவரத்தை அழித்துவிடுங்கள்.