தூண்டில்காரர்கள் மீன்வள விதிகளில் பங்கேற்கும் வழி

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர், ஸ்டிரைப்டு பாஸ் மீனுக்கான விதிகளில் தம் கருத்தும் இடம்பெற வேண்டுமென விரும்பினால், முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இம்மீனைப் பொறுத்தவரை அந்த இடம், 1942இல் உருவான அட்லாண்டிக் மாநிலங்கள் கடல் மீன்வள ஆணையம் ஆகும். ஒவ்வொரு மாநிலத்தின் சார்பிலும் மீன்வளத் துறைத் தலைவர், சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், ஆளுநர் நியமிப்பவர் ஒருவர் என மூவர் அதில் அமர்கின்றனர். அவர்களுக்கு எழுதுவது வீண்வேலை அன்று.

விதித்திருத்த வரைவு வெளியானதும் அதை முழுமையாகப் படித்து, எந்தத் தெரிவை ஏன் ஆதரிக்கிறீர்கள் என்பதைக் காரணத்துடன் எழுதி, கெடுவுக்குள் அனுப்புங்கள். 2015இல் பிறந்த மீன்களைக் காக்க, 2023 மே மாதத்தில், பிடித்து வைத்துக்கொள்ளும் மீனின் நீளத்துக்கு 31 அங்குல உச்சவரம்பு அவசர நடவடிக்கையாக விதிக்கப்பட்டது. இத்தகைய ஒரு வரம்பைப் பற்றிப் பேசும்போது, வெறும் கோபத்தைவிட, எந்த மாதத்தில், எந்தப் பகுதியில், எந்த அளவு மீன்கள் அகப்பட்டன என்ற உங்கள் குறிப்பேடே அதிகப் பயன் தரும்.

படகுத்துறையில் கணக்கெடுப்பாளர் அணுகினால், பிடித்தவற்றுடன் திரும்ப விட்டவற்றின் எண்ணிக்கையையும் மறைக்காமல் கூறுங்கள். விடப்படும் மீன்களில் 9 சதவீதம் இறந்துவிடும் எனக் கொண்டே கடலிலுள்ள மீன் இருப்பு மதிப்பிடப்படுகிறது. ஆகவே இயற்கை இரைக்கு வட்டமுள்ளையே (முனை உள்நோக்கி வளைந்த, பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும் தூண்டில் முள்) பயன்படுத்தி, மீனை நீரிலேயே வைத்து விரைந்து விடுவியுங்கள்.