இரத்தச்சோகைக்குக் கீரை: எதைத் தேர்ந்து, எப்படிச் சமைத்து, எதனுடன் உண்பது

கீரை வாங்கப் புறப்படுமுன் ஹீமோகுளோபின் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கருவுற்றிருப்போருக்கு 11 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தச்சோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இந்தக் குறை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. ஆகவே, ஓயாத களைப்பும், படியேறினால் மூச்சு வாங்குவதும், பச்சரிசியையோ சாக்பீஸையோ மெல்லத் தோன்றும் ஆசையும் இருந்தால், அவற்றை வேலைப்பளு என்று தள்ளிவிடுவது தவறு.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கொல்லையில் முருங்கை இருப்பவர்கள் பாலக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை. 100 கிராம் பாலக்கில் ஏறத்தாழ 3 மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. அதிலும் பெரும்பகுதியை உடல் ஏற்றுக்கொள்வதில்லை. அதே எடையுள்ள முருங்கைக்கீரையில் ஏறத்தாழ 4.5 மில்லிகிராம் கிடைக்கிறது. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை ஆகியவற்றையும் மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொள்ளலாம்.

முருங்கைக்கீரையை முதல்நாள் இரவே துணியில் சுற்றி வைத்தால் காலையில் இலைகள் எளிதாக உதிரும். கீரையை நறுக்கிய பின் அலசினால் தண்ணீரில் கரையும் சத்துகள் போய்விடும் என்பதால், நறுக்குமுன் அலசுவதே முறை. துவட்டலுக்கு இரும்புச்சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றிக் கடுகு, உளுந்து, வரமிளகாய் தாளித்து, சின்ன வெங்காயத்தை வதக்கியபின் கீரையைப் போட்டு, சிறிதளவு தண்ணீர் தெளித்து, அது சுண்டும் வரை புரட்டி, வேகவைத்த துவரம்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்து இறக்க வேண்டும். நன்கு பழகிய இரும்புச்சட்டியில் சமைக்கும்போது, குறிப்பாகத் தக்காளி, புளி போன்றவை சேரும்போது, சட்டியின் இரும்பும் சிறிது உணவில் இறங்குகிறது. ஆனால் சமைத்ததைச் சட்டியிலேயே விட்டுவைத்தால் நிறம் கறுத்து, உலோகச் சுவை ஏறிவிடும். உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கீரையிலுள்ள இரும்பு, இறைச்சியிலுள்ள இரும்பைப் போல எளிதில் குடலால் உறிஞ்சப்படுவதில்லை; அதற்குத் துணை வேண்டும். அந்தத் துணைகளில் முதன்மையானது வைட்டமின் சி. அது கொதியில் பெரிதும் அழிந்துபோவதால், எலுமிச்சம்பழத்தை அடுப்பிலிருக்கும்போது பிழியாமல், இலையில் பரிமாறிய பின் துவட்டலின் மீது பிழிய வேண்டும். நெல்லிக்காய்ப் பச்சடியோ, உணவுக்குப் பின் ஒரு கொய்யாப்பழமோ இதே பயனைத் தரும். அரிசி களைந்த நீரில் புளி சேர்த்துச் செய்யும் மண்டியும் கீரைக்கு நல்ல துணைதான். அசைவம் உண்போர் உப்புக்கறியோ மீன்குழம்போ உள்ள நாளில் கீரையையும் சேர்த்து உண்டால், இறைச்சி தன் இரும்பைத் தருவதோடு கீரையின் இரும்பையும் உடல் ஏற்க உதவுகிறது. பயறு வகைகளை முளைகட்டிச் சமைத்தால், இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும் பைட்டேட் குறைகிறது.

இவ்வளவு கவனமாகச் சமைத்தபின், சாப்பிட்ட கையோடு காபியோ தேநீரோ குடிப்பதுதான் வருத்தம் தரும் வழக்கம். அவற்றிலுள்ள பாலிபீனால்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. உணவுக்கும் காபிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். கால்சியம் மாத்திரையையும் அந்த வேளையில் தவிர்க்க வேண்டும்.

இரத்தச்சோகை உறுதியான ஒருவருக்குக் கீரை மட்டும் போதும் என்று சொல்லிவிடக் கூடாது. பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து உணவில் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் பரிந்துரைக்கிறது. ஒரு கிண்ணக் கீரை அதில் சிறுபகுதியைத்தான் ஈடுகட்டும். கருவுற்ற தாய்மார்களுக்கு அரசு வழங்கும் மாத்திரை ஒன்றிலேயே 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மலம் கறுப்பதைக் கண்டு பயந்து அதை நிறுத்தியவர்கள் பலர். அது மாத்திரையின் இயல்பான விளைவு. வயிற்றுப் புரட்டல் இருந்தால் நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியான அளவை எட்டிய பின்னும், உடலின் இருப்பு நிரம்புவதற்காகச் சில மாதங்கள் மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள்.

அதிக மாதவிடாய்ப் போக்கு, மூலம், கொக்கிப்புழு ஆகியவற்றால் இரத்தம் இழப்பவர்களுக்கு அந்தக் காரணத்தைக் கண்டு நீக்காதவரை எந்தக் கீரையும் கைகொடுக்காது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஆணுக்கோ இரத்தச்சோகை வந்தால், குடலில் இரத்தக்கசிவு உண்டா என்று பார்ப்பது கட்டாயம். சிறுநீரகக் கல் உள்ளவர்களும், வார்ஃபரின் என்னும் இரத்தம் உறையாமைக்கான மருந்தை உண்பவர்களும் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டாமல், முதலில் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.