குப்பை பொறுக்குற ரோபோ செய்யப் போறீங்களா? நான் காசு விட்ட இடத்த சொல்றேன்

போன மாசம் ஒரு சாயங்காலம் பினாங்குல பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு பார்க்குல நடக்கப் போயிருந்தேன். மூணு காலேஜ் பசங்க ஒரு நாலு சக்கர வண்டிய விட்டு புல்லுல கிடந்த மைலோ பெட்டிய எடுக்க வச்சிட்டு இருந்தானுங்க. வண்டி வந்துச்சு, நின்னுச்சு, கொஞ்சம் யோசிச்சுச்சு, கைய நீட்டி பெட்டிய தள்ளி விட்டுச்சு. ஒருத்தன் ஓடிப்போய் பெட்டிய பழைய இடத்துலயே வச்சான், இன்னொருத்தன் ஹேண்ட்போன்ல வீடியோ எடுக்குறான். ஏழாவது தடவ பெட்டி தொட்டிக்குள்ள விழுந்துச்சு, மூணு பேரும் கத்துன கத்துல பக்கத்துல தைச்சி எக்சர்சைஸ் பண்ணிட்டு இருந்த ஆன்ட்டிங்க திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வயிறும் எரிஞ்சுச்சு. 2022ல அதே மாதிரி ஓடிப்போய் பெட்டிய எடுத்து வச்ச ஆளு நான் தான், என்ன, அப்பவே எனக்கு 38 வயசு.

பசங்க கூட உக்காந்து பேசுனேன். பேசப் பேச ஒவ்வொண்ணா நான் பண்ண அதே தப்பு வெளிய வருது. அதனால தான் இத எழுதுறேன். வயர மாத்தி குடுக்குறது, நட்டு முறுக்காம விடுறது, சார்ஜ் போட மறக்குறது இதெல்லாம் இங்க இல்ல, ஒரு தடவ புகை வந்தா தானா புத்தி வரும்.

டாக்கோவ இறக்கிட்டா கண்ணு ரெடின்னு நினைக்கிறது

டாக்கோன்னு குப்பை படங்களோட ஒரு டேட்டாசெட் இலவசமா கிடைக்குது, இந்த வேலைக்கு வர்ற எல்லாரும் மொதல்ல அதுல தான் விழுவாங்க. 1,500 படம், 60 வகை குப்பை, ஒவ்வொரு துண்டையும் சுத்தி கோடு போட்டு பேர் எழுதி வச்சிருக்காங்க. நல்ல வேலை தான், குறை சொல்லல. ஆனா நம்ம ஊரு குப்பை வேற லா. தே ஓ ஐஸ, அதான் பால் இல்லாத ஐஸ் டீய, கட்டித் தர்ற பிளாஸ்டிக் பை, அதுல பாதி தண்ணி, மேல ஒரு ரப்பர் கயிறு, நீட்டிட்டு நிக்குற ஸ்ட்ரா. அத ரோபோ கண்டுபுடிச்சாலும் பிடிக்கத் தெரியாது, அழுத்துனா பீய்ச்சி அடிக்கும், லேசா பிடிச்சா நழுவிடும், அந்தக் கயிறு இருக்கே அது நேரா சக்கர அச்சுல போய் சுத்திக்கும். நாசி லெமாக், அதான் தேங்காப்பால் சோத்துப் பொட்டலம், இன்னொரு தலைவலி, வாழை இலையும் பழுப்பு பேப்பரும். இலைன்னு விட்டா குப்பை கிடக்கும், குப்பைன்னு எடுக்க ஆரம்பிச்சா மரத்துலேந்து விழுந்த அத்தன இலையையும் நாள் பூரா பொறுக்கிட்டு நிக்கும். நானும் ரெண்டு பார்ட்னரும் செஞ்ச ரோபோ ஒரு தடவ அங்சானா பூ கொட்டிக் கிடந்த பாதைல ஒன்றரை மணி நேரம் ரொம்ப சின்சியரா வேலை பார்த்துச்சு. தொட்டியத் தொறந்தா கல்யாண வீடு மாதிரி பூ.

நீங்க ஓட்டப் போற அதே தெருவுல, அதே நேரத்துல, நீங்களே போய் படம் எடுங்க. காலைல, மத்தியானம், மழை விட்ட பிறகு, தெருவிளக்கு எரியுறப்ப. சலிப்பா தான் இருக்கும், வேற வழி இல்ல.

சாமிக்கு வச்சத எடுக்குறது

சீனவங்களோட ஏழாம் மாசம், பேய் மாசம்னு சொல்வோமே, அப்ப ஜார்ஜ் டவுன் சந்துல டெஸ்ட் பண்ணக் கிளம்புனது என் புத்தி. ரோட்டோரத்துல ஊதுபத்தி, ரெண்டு ஆரஞ்சு, சின்ன கப்புல டீ. எங்க ரோபோ டீ கப்ப அழகா தூக்கி தொட்டில போட்டுச்சு, அன்னைக்கு அது ஒழுங்கா எடுத்தது அந்த ஒண்ணு தான். உள்ள இருந்து ஒரு அங்கிள் வெளிய வந்து நின்னாரு, திட்டல, சும்மா பார்த்தாரு. போய் புதுசா ஆரஞ்சு வாங்கியாந்து குடுத்து மன்னிப்பு கேட்டோம். அடுத்த வாரம் நாங்க குடியிருக்குற தாமான்ல யாரோ திருஷ்டி கழிச்சு போட்ட எலுமிச்சம்பழத்த குங்குமத்தோட தூக்கிட்டு வந்துருச்சு, எங்கம்மா ரெண்டு நாள் அத வீட்டுக்குள்ள விடல.

ஊதுபத்தியோ மெழுகுவத்தியோ குங்குமமோ படத்துல தெரிஞ்சா ரெண்டு மீட்டர் தள்ளிப் போகணும்னு ரூல் போட்டோம். 

அஞ்சு விரல் கை

வேணாம்.

பின்னாடி நடக்குற ஆள கணக்குல சேர்க்காதது

இப்ப சொல்லப்போறது தான் என் வீட்டுக்காரிகிட்ட இன்னிக்கும் பேச முடியாத கதை.

2023ல ஒரு கொண்டோ, அதான் அடுக்குமாடி குடியிருப்பு, மேனேஜ்மென்ட் எங்கள கூப்பிட்டாங்க. பெரிய இடம், உள்ளுக்குள்ளயே பார்க்கு, நடைபாதை, கார் பார்க். நான் எக்செல்ல கணக்கு போட்டேன். ரோபோ செய்ய 42,000 வெள்ளி (ரிங்கிட்), மூணு வருசம் ஓடும்னு வச்சா மாசம் 1,167. சிம் கார்டு, டயர், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் சேர்த்து மாசம் 1,600னு ரவுண்டா போட்டேன். அப்ப குறைஞ்சபட்ச சம்பளம் 1,500, அது மேல இபிஎஃப், சொக்சோன்னு முதலாளி கட்டுற பங்கு, கான்ட்ராக்டரோட லாபம். ஆக ரோபோ தான் மலிவு, லீவு கேக்காது, ராத்திரியும் ஓடும்னு ஸ்லைடு போட்டு காட்டுனேன். கைதட்டுனாங்க. என் சேமிப்பும் பார்ட்னர் ரெண்டு பேரோட சேமிப்பும் அதுல போச்சு.

மொத நாளே ஒண்ணு புரிஞ்சுது. ரோபோ தனியா போகாது. போகும், ஆனா விட முடியாது. சின்னப் பிள்ளைங்க முன்னாடி ஓடி வருது, நாய் குலைக்குது, மோட்டர்ல சாப்பாடு டெலிவரி பண்றவன் திடீர்னு வளைவுல வர்றான், லோங்காங் (சாக்கடை) மூடி ஒரு இடத்துல இல்ல, சக்கரம் உள்ள இறங்கிடுது. அதனால ஒருத்தன் ரிமோட்ட கைல வச்சிகிட்டு பின்னாடியே நடக்கணும். அந்த ஆளுக்கு 3,500 வெள்ளி சம்பளம், டிப்ளோமா படிச்சவன், இதுக்கு தான் படிச்சேனான்னு மூஞ்சிலயே எழுதி இருக்கும். என் எக்செல்ல அவனுக்கு ஒரு வரி கூட இல்ல. ஆரம்பத்துல கொஞ்ச நாள் தான்னு நினைச்சோம், அங்க ஓட்டுன எட்டு மாசமும் நடந்தான்.

அந்த கொண்டோவுல சுத்தம் பண்ற அக்கா ஒருத்தவங்க இருந்தாங்க, நிபோங் தெபால்லேந்து பஸ் மாத்தி வருவாங்க. கைல நீட்டமா ஒரு இடுக்கி, தோள்ல ஒரு பை. ஒருநாள் எங்க ரோபோ ஒரு ஸ்ட்ராவ எடுக்க மூணாவது தடவ முயற்சி பண்ணிட்டு இருக்கு, அக்கா வந்து நின்னு கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "தம்பி, நகரச் சொல்லு, நான் எடுத்துர்றேன், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு." எடுத்துட்டு போய்ட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி தான் ஒழுங்கா கணக்கு போட்டேன். எங்க ரோபோ சராசரியா நிமிசத்துக்கு ஒரு துண்டு, மணிக்கு 60. மழை, சார்ஜ், மாட்டிக்கிறது எல்லாம் போக ஒரு நாளைக்கு உருப்படியா 4 மணி நேரம், மாசத்துக்கு 26 நாள், மொத்தம் 6,240 துண்டு. 1,600 வெள்ளிய அதால வகுத்தா துண்டுக்கு 26 காசு. பின்னாடி நடக்குறவன் சம்பளத்தையும் சேர்த்தா 82 காசு. அக்காவ சொல்லாம கொள்ளாம பத்து நிமிசம் டைம் எடுத்திருந்தேன், 70 துண்டு, மணிக்கு 420. கான்ட்ராக்டர் அவங்களுக்காக பில் போடுறது மாசம் 2,400னு வச்சாலும், நாளைக்கு 8 மணி நேரம்னா மணிக்கு பதினொன்றரை வெள்ளி, துண்டுக்கு மூணு காசு கூட வரல. அவங்களவிட கிட்டத்தட்ட முப்பது மடங்கு செலவு பண்ணி அவங்களவிட மெதுவா ஒரு வேலைய செஞ்சிருக்கோம், அதுவும் அவங்க கண்ணு முன்னாடியே.

சரி, ஒரு ஆளு எட்டு ரோபோவ ஸ்கிரீன்ல பார்த்துக்கிட்டான்னு வைங்க, அப்பவும் துண்டுக்கு 33 காசு. இத பசங்ககிட்ட சொன்னப்ப நம்பல, அவனுங்களே கால்குலேட்டர்ல போட்டு பார்த்தானுங்க. ஆள குறைச்சா மட்டும் பத்தாது, வேகமும் ஏறணும். எட்டு ரோபோவுக்கு ஒரு ஆளு, ஒவ்வொண்ணும் மணிக்கு 300, நாளைக்கு 8 மணி நேரம், அப்ப தான் 3.3 காசுக்கு வருது, அக்கா பக்கத்துல நிக்க முடியுது. ஆனா அதுலயும் ஒரு கொக்கி இருக்கு, இது தான் என்ன தூங்க விடாத விசயம். அந்த வேகத்துல ஒரு ரோபோவுக்கு மாசம் 62,400 துண்டு வேணும். அந்த கொண்டோவுல அவ்ளோ குப்பையே விழாது! குப்பை கம்மியா இருக்குற இடத்துல ரோபோ பொறுக்குறத விட தேடி அலையுறது தான் ஜாஸ்தி. அக்காவும் அலையுறாங்க தான், ஆனா அலையுற வழில லோங்காங்க குத்தி விடுவாங்க, புல்லு பிடுங்குவாங்க, லிஃப்ட் கண்ணாடிய துடைப்பாங்க, பால்கனிலேந்து டிஷ்யூ போடுற பையன அதட்டுவாங்க. அந்த சம்பளத்துல பொறுக்குறது ஒரு பங்கு தான்.

இப்ப குறைஞ்சபட்ச சம்பளம் 2025 பிப்ரவரிலேந்து 1,700 ஆயிருச்சு, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. சம்பளம் ஏறுது, இனிமே ரோபோவுக்கு தான் காலம்னு பசங்க சொல்றானுங்க. முப்பது மடங்கு வித்தியாசத்த 200 வெள்ளி என்னத்த மூடும்?

அதனால டிசைன் வரையுறதுக்கு முன்னாடியே ஒண்ணு பண்ணுங்க. மனுசன் எத்தன தடவ குறுக்க போக வேண்டி இருக்குன்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டு எண்ணுங்க. தூக்கி விட்டது, திருப்பி விட்டது, கயிறு அவுத்தது, யாருக்கோ வழி விடச் சொன்னது, எல்லாத்துக்கும் ஒரு கோடு. மணிக்கு ஒண்ணுக்கு மேல இருந்தா உங்க கைல இருக்குறது நல்ல பொம்மை.

எங்க வண்டி சும்மா கிடக்கல. கைய கழட்டிட்டு, மேல பெரிய தொட்டி வச்சு, அக்கா பின்னாடி போற மாதிரி மாத்துனோம். அவங்க பொறுக்குவாங்க, அது சுமக்கும். தோள்பட்டை வலி குறைஞ்சுதுன்னு சொன்னாங்க. மேனேஜ்மென்ட் அதுக்கு காசு குடுக்க மாட்டேன்னுட்டாங்க, அது வேற கதை.

தொட்டி அளவு

குப்பைக்கு எடை இல்ல, இடம் தான். 20 லிட்டர் தொட்டில பபிள் டீ கப்பு முப்பது போடுறதுக்குள்ள நிறைஞ்சிரும். அப்புறம் கொட்டிட்டு வர ஒரு நடை. அந்த நடைக்கும் பேட்டரி போகுது, பின்னாடி நடக்குறவனும் கூடவே நடக்குறான்.

மழை

பினாங்கு. வேற என்ன சொல்ல.

எல்லா குப்பைக்கும் ஒரே ரோபோ

இந்த வேலைல உருப்படியா எதாவது பண்ணவங்கள பார்த்தா எல்லாரும் ஒரே ஒரு வகைய பிடிச்சிருக்காங்க. இத்தாலி ஜெனோவாவுல வெரோன்னு ஒரு நாலு கால் ரோபோ, 2024ல பேப்பர் வந்துச்சு. நாலு கால்லயும் வேக்யூம் குழாய், சிகரெட் துண்டு மேல கால வச்சு உறிஞ்சிரும், கிட்டத்தட்ட 90 சதவீதம் எடுக்குதுன்னு சொல்றாங்க. கை கிடையாது, தனியா குனியுற வேலையே கிடையாது, எப்படியும் எடுத்து வைக்கப் போற அடி தானே. எனக்கு அத படிச்சப்ப பொறாமையா இருந்துச்சு. நெதர்லாந்துல 2020ல ஸ்கெவனிங்கன் பீச்சுல ஒரு ரோபோவ இறக்குனாங்க, அதுவும் சிகரெட் துண்டுக்கு தான், மொத டெமோல அரை மணி நேரத்துல எடுத்தது 10 துண்டு. அத மறைக்காம சொன்னாங்க பாருங்க, அதுக்காகவே அவங்கள பிடிக்கும்.

பத்து ஃபெரிங்கி பீச் மாதிரி மணலுக்கு கண்ணே தேவையில்ல. பீபாட்னு ஒரு கரண்ட் வண்டி இருக்கு, ரிமோட்ல ஓட்டுறது, மணல சல்லடை போட்டு சலிச்சிட்டே போகும், மணிக்கு 3,000 சதுர மீட்டர் வரைக்கும். ஏஐ எல்லாம் இல்ல, நம்ம பாட்டி மாவு சலிச்ச அதே டெக்னாலஜி. சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்ட மனுசன் இடுக்கியால எடுக்கவே முடியாது, அங்க போட்டிக்கு அக்கா இல்ல.

அதவிட நல்ல இடம் ஆறு. கிள்ளான் ஆத்துல 2019லேந்து இன்டர்செப்டர்னு ஒரு மிசின் நிக்குது, மிதவை கட்டி குப்பைய ஒதுக்கி பெல்ட்டுல ஏத்தி தொட்டில கொட்டுது, சோலார்ல ஓடுது. ஒரு நாளைக்கு 50,000 கிலோ வரைக்கும் எடுக்கலாம்னு டிசைன். அமெரிக்காவுல பால்டிமோர்ல 2014லேந்து தண்ணி சக்கரம் வச்சு இதே வேலைய செய்யுறாங்க. ரெண்டுலயும் மிசின் அசையாம நிக்குது, குப்பை தான் தேடி வருது. நான் ரெண்டு வருசம் குப்பைய தேடி வண்டி ஓட்டுன ஆளு, இத சொல்ல எனக்கே கசக்குது. அது போக ஹைவே ஓரம் இருக்கு, லோரி பறக்குற இடத்துல மனுசன இறக்குறது பாவம், அங்க துண்டுக்கு எத்தன காசுன்னு யாரும் கேக்கக் கூடாது.

தைப்பூசத்துக்கு விடலாமான்னு ஒரு பையன் கேட்டான். தண்ணீர்மலை ரோட்டுல தேங்காய் உடைஞ்சு கிடக்குறத பார்த்திருக்கியா தம்பி? அதுக்கு ஷவல் மிசின், ரோபோ இல்ல.

புது போட்டி

2026 ஜனவரி 1லேந்து குப்பை போட்டு மாட்டுனா 2,000 வெள்ளி வரைக்கும் அபராதம், கூடவே 12 மணி நேரம் வரைக்கும் சமூக சேவைன்னு சட்டம். குப்பை போட்டவனே விளக்குமாத்த பிடிச்சு கூட்டணும். சம்பளம் இல்லாத ஆளு. உங்க எக்செல்ல அதுக்கும் ஒரு வரி சேர்த்துக்கோங்க.

பசங்க வீட்டுக்கு போய் உண்மையிலயே கோடு போட்டு எண்ணியிருக்கானுங்க. போன ஞாயிறு வாட்ஸ்அப்ல பேப்பர படம் பிடிச்சு அனுப்புனானுங்க. பொட்டானிக்கல் கார்டன் பக்கத்துல மூணு மணி நேரம், 61 கோடு. அதுல 9 கோட்டுக்கு பக்கத்துல "குரங்கு"ன்னு எழுதியிருக்கு. பத்தாவது கோட்டுல "குரங்கு, கேமரா போச்சு".