ஊருக்குப் போக முன் காசு அனுப்புவோர் கவனத்துக்கு: சுவிப்ட் குறியீடு

ஊரில் வீட்டுத் திருத்தமோ கலியாணச் செலவோ இருந்தால், காசைக் கையில் கட்டிக்கொண்டு போவதிலும் முன்கூட்டியே இலங்கைக் கணக்குக்கு அனுப்பிவிடுவது நல்லது. ஜெர்மனியிலோ பிரான்சிலோ இருப்பவர்கள் முதலில் தடக்குப்படுவது ஐபானில், அதாவது படிவம் கேட்கும் சர்வதேசக் கணக்கு இலக்கத்தில். இலங்கையில் ஐபான் முறையே இல்லை. ஊர் வங்கியை நச்சரித்துப் பயனில்லை. ஐரோப்பாவுக்குள் யூரோ அனுப்பும் செபா படிவத்தை மூடிவிட்டு, வெளிநாட்டுப் பணமாற்றப் படிவத்தைத் திறவுங்கள். அங்கே சுவிப்ட் குறியீடும் (எந்த வங்கி என்று உலகளவில் காட்டும் குறியீடு) கணக்கு இலக்கமும் கேட்பார்கள். பிக் என்று போட்டிருந்தாலும் அது சுவிப்ட் குறியீடுதான்.

அதில் 8 எழுத்து இருக்கும், சிலவேளை 11. முதல் 4 வங்கி, அடுத்த 2 நாடு, பிறகு 2 இடம், கடைசி 3 கிளை. இலங்கை வங்கிக்கு (பாங்க் ஒஃப் சிலோன்) 'பி சி இ வை எல் கே எல் எக்ஸ்'. கொமர்ஷல் வங்கிக்கு 'சி சி இ வை எல் கே எல் எக்ஸ்'. முதலெழுத்து மட்டுமே வேறு! தொலைபேசியில் காதால் கேட்டு எழுதினால் காசு வேறு வங்கிக்குப் போய் நிற்கும். எழுத்தில் வாங்குங்கள்.

இலங்கை வங்கிக்கு 7010, மக்கள் வங்கிக்கு 7135 என்ற வங்கி எண்களும், கூடவரும் 3 இலக்கக் கிளை எண்ணும் உள்நாட்டுப் பாவனைக்கு மட்டும். அந்தக் கிளை எண்ணைச் சுவிப்ட் குறியீட்டின் வாலில் ஒட்டுவோர் நிறையப் பேர். எழுத்து 11 ஆகிவிடுவதால் பார்வைக்குச் சரிபோலவே இருக்கும். அப்படி ஒரு குறியீடு இல்லாவிட்டால் காசு திரும்பும். 11தான் வேண்டுமென்று படிவம் அடம்பிடித்தால் கடைசியில் மூன்று 'எக்ஸ்' போடுங்கள். கிளையின் பெயரை முகவரிப் பகுதியில் எழுதலாம்.

குறியீடு காசை வங்கி வாசல்வரைதான் கொண்டுபோகும். உள்ளே கணக்கு இலக்கமும் பெயரும் பொருந்த வேண்டும். அம்மம்மாவின் பாஸ் புத்தகத்தில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக மட்டும் இருந்தால் அப்படியே எழுதுங்கள். கடவுச்சீட்டைப் பார்த்து முழுப்பெயராக விரிக்க வேண்டாம்.

கட்டணத்தில் 'ஷா' (எஸ் எச் ஏ, இரு பக்கமும் பகிர்வது) என்பதைத் தெரிவுசெய்தால் இடைவங்கிகள் வழியில் கிள்ளிக்கொள்ளும். காணிக்கு முற்பணம் போல முழுத்தொகையும் சேர வேண்டுமானால் 'அவர்' (ஆங்கிலத்தில் ஓ யூ ஆர்) நல்லது. கட்டணம் அனுப்புபவர் தலையில்.

இலங்கையில் போயா நாட்களில் வங்கி பூட்டு. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னரே அனுப்புங்கள். வந்துசேரவில்லையென்றால், அனுப்பிய வங்கியிடம் யூஇடிஆர் எனப்படும் 36 எழுத்துத் தொடர் இலக்கத்தைக் கேளுங்கள். காசு எந்த வங்கியில் நிற்கிறது என்று அதைவைத்துத் தேடுவார்கள்.