பாராதைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் கால்சியம்: வீட்டில் நடக்கும் தவறுகள்

பாராதைராய்டு என்பது கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருந்து ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சுரப்பிகள். அளவுக்கு மீறிச் சுரக்கும் சுரப்பியை அகற்றும் அறுவை முடிந்த மறுநாள் ரத்தத்தில் கால்சியம் 9 (இயல்பான அளவு) என்று வந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அளவு அடிமட்டத்துக்கு இறங்குவதோ பெரும்பாலும் 2 முதல் 4 நாளில், வீடு திரும்பிய பிறகு. அதிகமாகச் சுரந்த பாராதைராய்டு ஹார்மோன் அதுவரை எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொண்டிருந்தது. அது நின்றதும் எலும்பு இழந்ததை ரத்தத்திலிருந்து இழுக்கத் தொடங்கும். அறுவைக்கு முன்பே ரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பு மாற்றத்தைக் காட்டும் நொதி) கூடியிருந்தவர்களுக்கும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் இது மாதக்கணக்கில் நீளலாம்.

உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் வரும் மதமதப்பு கால்சியம் குறைவதன் அறிகுறி; அதை 'மயக்க மருந்தின் மிச்சம்' என்று விட்டுவிடக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் சொன்ன கூடுதல் கால்சியம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அடங்காவிட்டால் மருத்துவரை அழையுங்கள். பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் மதமதப்பு இன்னும் கூடும். கை விரல்கள் இழுத்துக்கொண்டாலோ, தொண்டை இறுகினாலோ, வலிப்பு வந்தாலோ மாத்திரைக்குக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மாத்திரைக் கணக்கில்தான் அதிகக் குழப்பம். 1,250 மி.கி. கால்சியம் கார்பனேட்டில் இருக்கும் கால்சியம் 500 மி.கி.தான். 1,000 மி.கி. கால்சியம் சிட்ரேட்டில் ஏறத்தாழ 210 மி.கி. மருந்துக் கடையில் 'இதுவும் கால்சியம்தான்' என்று மாற்றிக் கொடுத்தால் பாதி அளவு காணாமல் போகக்கூடும். ஒரே வேளையில் நாலைந்து மாத்திரையை விழுங்குவதும் வீண். குடல் ஒரு தடவைக்குச் சுமார் 500 மி.கி. கால்சியம் வரைதான் நன்றாக உறிஞ்சும். பிரித்துப் பிரித்துப் போடுங்கள்.

கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு. பான்டோபிரசோல் மாதிரி கேஸ் மாத்திரை தினமும் போடுபவர்களுக்குச் சிட்ரேட் பொருந்தும். மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். தைராக்ஸின் மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையையும் சேர்த்துப் போடாதீர்கள்.

'வைட்டமின் டி பாக்கெட் வாரம் ஒன்று குடிக்கிறேனே, கால்சிட்ரியால் எதற்கு?' என்று நிறுத்துபவர்கள் உண்டு. அந்த 60,000 யூனிட் பொடி கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாறினால்தான் வேலை செய்யும். சிறுநீரகத்தில் அதை மாற்றத் தூண்டுவது பாராதைராய்டு ஹார்மோன். அது குறைந்திருக்கும் நேரத்தில் பொடி போதிய அளவு மாறாது. கால்சிட்ரியால் ஏற்கெனவே மாறிய வடிவம், 0.25 மைக்ரோகிராம் என்று சின்னதாகத் தெரிந்தாலும் அதைப் பொடியால் ஈடுகட்ட முடியாது. கேழ்வரகுக் கூழும் பாலும் நல்லதுதான், மாத்திரைக்குப் பதிலாகாது.

எவ்வளவு கொடுத்தும் கால்சியம் ஏறவில்லையா? மக்னீசியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தால் மிச்சமுள்ள சுரப்பிகளும் சரியாகச் சுரக்காது. அல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்தவர்களுக்கு மொத்தக் கால்சியம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அயனைஸ்டு கால்சியம் (புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பகுதி) பார்ப்பது உத்தமம்.

மதமதப்பு நின்றதும் எல்லா மாத்திரையையும் ஒரேயடியாக நிறுத்துவது தவறு. பரிசோதனையே செய்யாமல் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் கால்சிட்ரியால் வாங்குவது அதைவிட மோசம்: எலும்பின் பசி அடங்கியபின் கால்சியம் மேலே ஏறும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல் என்று தெரிந்தால் அன்றே ரத்தம் பார்த்துவிடுங்கள். தாமதித்தால் சிறுநீரகம் பாதிக்கும்.