ஹீலியோஸ் லென்ஸில் கிருஷ்ணகிரி தெருக்களை எடுப்பது எப்படி?

ஹீலியோஸ் 44-2 வாங்கியவர்கள் பலரும் அதை எஃப்2-லேயே, அதாவது ஒளி நுழையும் துளையை (அப்பர்ச்சர்) முழுக்கத் திறந்தே வைத்து எல்லாவற்றையும் எடுக்கிறார்கள். மங்கலான பின்னணி வட்டமாகச் சுழல்வதுபோல் தெரிவது அழகுதான், ஆனால் படத்தில் ஊரே தெரியாமல் போய்விடுகிறது.

ஜெர்மனியின் ஜைஸ் பயோட்டார் லென்ஸைப் பின்பற்றிச் செய்த 58 மி.மீ. லென்ஸ் இது, ஜெனித் கேமராக்களோடு வந்தது. கேமராவில் மாட்டுவது எம்42 என்ற திருகு என்பதால் மிரர்லெஸ் கேமராவில் சாதாரண அடாப்டர் போதும். மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' வசதியை ஆன் செய்யுங்கள், பாடியில் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி) இருந்தால் லென்ஸ் அளவு 58 என்று கொடுங்கள். வாங்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். அப்பர்ச்சர் பிளேடில் எண்ணெய் இருந்தால் பரவாயில்லை, இதில் பிளேடை நகர்த்துவது ஸ்பிரிங் அல்ல, நம் கைதான். ஃபங்கஸ் இருந்தால் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்பர்ச்சருக்கு இரண்டு வளையம் இருக்கும். டிக் டிக் என்று நிற்பதை 8-இல் வையுங்கள். சத்தமில்லாமல் வழுக்குகிற இன்னொன்றை ஒரு பக்கம் திருப்பினால் எஃப்2, மறுபக்கம் திருப்பினால் எஃப்8-இல் போய் நின்றுவிடும். கண்ணை எடுக்காமலே இரண்டுக்கும் மாறலாம், தெருவில் இதைவிட வசதி வேறில்லை.

பழையபேட்டை மாதிரி குறுகலான தெருவில், மலை பின்னால் தெரிய, எஃப்8 வைத்து ஃபோகஸை மூன்றரை மீட்டரில் விட்டுவிடுங்கள். 3 முதல் 4 மீட்டருக்குள் யார் வந்தாலும் தெளிவாக விழுவார்கள், நீங்கள் வளையத்தைத் தொடவே வேண்டாம். ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ ஆட்டோ.

எஃப்2 எங்கே? மாங்காய் சீசனில் மண்டிப் பக்கம் போங்கள். பெங்களூரா ரக மாங்காய் அடுக்குபவரிடம் "அண்ணா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு இரண்டு மீட்டருக்குள் நின்று, அவருக்குப் பின்னால் தள்ளி ஒரு மரம் வருகிற மாதிரி கோணம் பாருங்கள். இலை இடுக்கில் வெயில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால்தான் சுழல் வரும், வெறும் சுவரில் வராது. க்ராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) ஓரத்தை வெட்டிவிடுவதால் அதில் சுழலும் குறைவு.

வெயிலுக்கு எதிரே பிடித்தால் நிறம் வெளுக்கும், பழைய கோட்டிங் அவ்வளவுதான். 49 மி.மீ. ஹுட் (லென்ஸ் முன்னால் மாட்டும் நிழல் வளையம்) ஒன்று மாட்டுங்கள், இல்லாவிட்டால் கையால் நிழல் கொடுங்கள். ஆனால் சாயங்காலம் ரவுண்டானாவில் பஸ் விளக்குகள் எதிரே வரும்போது ஹுட்டைக் கழற்றிவிடுங்கள், அந்த வெளுப்பு அங்கே நன்றாகவே இருக்கும்.

அப்புறம், க்ராப் கேமராவில் 58 என்பது 87 மாதிரி நெருக்கும். தெருவுக்கு அது ஒத்துவராவிட்டால் 37 மி.மீ. மிர்-1 தேடுங்கள், 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் கிராண்ட் ப்ரீ வாங்கிய லென்ஸ் அது.